கடப்பா கல்லில் எலுமிச்சை பட்டால்: சுண்ணாம்புக்கல் கேள்வி பதில்

சென்ற இதழில் போகிற போக்கில், "சுண்ணாம்புக்கல் நுழையாத வீடே நம் ஊரில் கிடையாது" என்று எழுதிவைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களையே இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் பியூரெட்டும் கையுமாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பதில்களில் சதவீதக் கணக்கு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது வீட்டில் சமையல் மேடைக்குக் கறுப்புக் கல் போட்டோம். கிரானைட் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்த இடத்தில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சோப்பு, சபீனா, பல் துலக்கும் பேஸ்ட் என்று எல்லாம் தேய்த்தாகிவிட்டது. இந்தக் கறையை எப்படி எடுப்பது? (மதுரையிலிருந்து ஓர் இல்லத்தரசி)

அது கறை இல்லையம்மா. கறையாக இருந்தால் இவ்வளவு தேய்ப்புக்கு என்றைக்கோ போயிருக்கும். கல்லின் மேல்தோலை எலுமிச்சை தின்றிருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் உங்கள் மேடை கிரானைட் இல்லை, கடப்பா கல். கடப்பா கல் என்பது அசல் சுண்ணாம்புக்கல். ஆந்திராவில் கடப்பா, கர்னூல் வட்டாரத்தில் பலகை பலகையாகப் பிளந்து எடுப்பது. சுண்ணாம்பு என்றாலே வெள்ளை என்று நமக்குப் பழகிவிட்டதால் இந்தக் கறுப்பு நம்மை ஏமாற்றிவிடுகிறது. படிந்த காலத்தில் சேறோடு கலந்த கரிமப் பொருள் கொடுத்த நிறம் அது. நிறத்துக்குக் காரணமான கரி கொஞ்சம்தான் இருக்கும், மிச்சத்தில் பெரும்பங்கு கால்சைட்.

கால்சைட் என்றால் கால்சியம் கார்பனேட். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் பட்டதும் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து குமிழியாக வெளியேறும். கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்த பரப்பு நுண்ணிய குண்டும் குழியுமாகிவிடும். அதில் ஒளி பட்டுச் சிதறுவதைத்தான் நாம் வெள்ளைத் திட்டாகப் பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் மேடையின் அடிப்புறத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கடுகைவிடச் சின்னக் குமிழிகள் சொட்டின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறிவரும். கிரானைட்டாக இருந்தால் குமிழியே வராது. அதிலிருப்பது குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும், எலுமிச்சைக்கெல்லாம் மசியாது.

சரிசெய்ய வழி உண்டு. நைசான வாட்டர் பேப்பரை ஈரமாக்கி வட்டமாகத் தேய்த்து, அதைவிட நைசான பேப்பரால் மறுபடி தேய்த்து, காய்ந்த பிறகு கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். கறுப்பு திரும்பும். ஆனால் புளி, தக்காளி, மோர், வினிகர் எது சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஷாபாத், தாண்டூர், கோட்டா என்று தரைக்குப் போடுகிற கற்களும் சுண்ணாம்புக்கல்தான். அவற்றுக்கும் இதே பத்தியம். கிரானைட் என்று சொல்லி விற்றவரிடம் இனிப் போய்ச் சண்டை போட்டுப் பயன் இருக்குமா என்று தெரியவில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது பாதி எலுமிச்சம்பழம் எடுத்துப் போங்கள்.

கேள்வி: எங்கள் புஞ்சையில் ஏர் ஓட்டினால் வெள்ளை வெள்ளையாக முடிச்சுக் கற்கள் வருகின்றன. சுண்ணாம்புக்கல்தான், ஆலைக்கு நல்ல விலைக்குப் போகும் என்று ஒருவர் ஆசை காட்டுகிறார். எப்படி நிச்சயம் செய்துகொள்வது? (செந்துறைப் பக்கத்து விவசாயி)

ஐயா, உங்கள் நிலத்தில் வருவது சுக்கான்கல்லாக இருக்கும். குடும்பம் சுண்ணாம்புக்கல் குடும்பம்தான், பிறந்த இடம் வேறு. உங்கள் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டுவது கடலடியில் படிந்த கல். சுக்கான்கல் மண்ணுக்குள்ளேயே உருவாவது. மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும், கோடையில் ஈரம் காயும்போது கரைந்தது முடிச்சு முடிச்சாகத் திரளும். அப்படித் திரளும்போது பக்கத்திலிருக்கும் களிமண்ணையும் மணலையும் விட்டுவிடாமல் சேர்த்துக் கட்டிக்கொள்ளும். எவ்வளவு கட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் உங்கள் கல்லின் விலை இருக்கிறது.

ஆசிட் ஊற்றினால் பொங்குகிறது, ஆகவே நல்ல கல் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். பாதி மண்ணாக இருந்தாலும் பொங்கத்தான் செய்யும். பொங்கி அடங்கிய பிறகு அடியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பொடித்த கல்லில் 10 கிராம் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குமிழி நிற்கும்வரை கரைத்து, வடிகட்டி, தாளில் நின்றதைக் கழுவிக் காயவைத்து எடை போடச் சொல்லுங்கள். 2.2 கிராம் நின்றால் கல்லில் 22 சதவீதம் களிமண்ணும் மணலும். வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். செய்தே தீருவேன் என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தண்ணீருக்குள் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டுக்குள் தண்ணீரை விடக் கூடாது.

ஆலை ஆய்வகத்தில் இன்னொரு சோதனை செய்வோம். நூறு பங்கு சுத்தமான கால்சைட்டில் 56 பங்கு சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. 44 பங்கு கார்பன் டை ஆக்சைடு. காளவாயில் 100 கிலோ கல்லைப் போட்டு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எடுக்கிறோம் என்றால் அந்த 44 கிலோ புகைபோக்கி வழியாகப் போய்விட்டது. இதையே சின்ன அளவில் செய்வதுதான் எரியிழப்புச் சோதனை. 105 டிகிரியில் உலர்த்திய பொடி ஒரு கிராம், பிளாட்டினம் மூசையில். மஃபிள் உலையில் 950 டிகிரிக்கு மேல் வைத்து, எடை இனிக் குறையாது என்கிற வரை சுட வேண்டும். மூசையை வெளியே எடுத்ததும் தராசில் வைத்துவிடக் கூடாது. ஈரம் புகாத மூடிய ஜாடியான டெசிகேட்டருக்குள் ஆறவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எடை கூடிக்கொண்டே போகும். தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு கிராமில் 0.64 மிஞ்சினால் இழப்பு 36 சதவீதம். அதை 44ஆல் வகுத்தால் கல்லில் ஏறத்தாழ 82 சதவீதம் கால்சியம் கார்பனேட். "ஏறத்தாழ" என்று சொல்லக் காரணம், களிமண்ணுக்குள் கட்டுண்ட நீரும் அதே சூட்டில் வெளியேறி இந்தக் கணக்கில் ஏறிவிடும். அதனால் கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. கரைசலால் தனியாக டைட்ரேட் செய்து சரிபார்ப்போம். ஒயின் சிவப்பு நீலமாகத் திரும்பும் அந்த ஒரு சொட்டுக்காகக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்போம். இப்போது எக்ஸ்-கதிர் எந்திரம் சில நிமிடத்தில் எல்லா எண்ணையும் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது.

கல் நன்றாகவே தேறினாலும், பட்டா இருக்கிறது என்பதற்காக வெட்டி விற்க முடியாது. கனிமவளத்துறையின் அனுமதி வேண்டும். ஆசை காட்டுகிறவர் அதைச் சொன்னாரா?

கேள்வி: நிலவியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். கல்லங்குறிச்சிச் சுரங்கத்துக்குக் களப்பயணம் போனோம். ஒரே கல்லை ஒரு சார் பயோமைக்ரைட் என்றார், இன்னொரு மேடம் வாக்ஸ்டோன் என்றார். ஆலையிலிருந்து வந்த அதிகாரி மீடியம் கிரேடு என்றார். யார் சொல்வது சரி? தேர்வில் எதை எழுதுவது? (திருச்சி மாணவி)

மூன்று பேருமே சரிதான் மகளே. மூன்று பேரும் மூன்று வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆலை அதிகாரிக்குக் கல்லில் என்ன இருக்கிறது என்பதில்தான் கவலை. அது வேதியியல். உங்கள் ஆசிரியர்களின் கேள்வி, கல் எப்படிப் படிந்தது என்பது. ஆய்வக அறிக்கையில் இரண்டு கற்களின் எண்கள் தசமப் புள்ளிவரை ஒன்றாக இருக்கும். ஒன்று பவளத்திட்டில் வளர்ந்திருக்கும், இன்னொன்று அசைவில்லாத நீரில் சேறாகப் படிந்திருக்கும். வேதியியலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் கட்டமைப்பைப் பார்த்துப் பெயர் வைக்கும் முறைகள் வந்தன.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஃபோக் 1959இல் ஒரு முறை கொடுத்தார். அவருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். துகள் எது, துகளுக்கு இடையே நிரம்பியிருப்பது எது. துகள் நான்கு வகை: உயிரினங்களின் ஓட்டுத் துண்டு, ஊலைட் எனும் மீன்முட்டை போன்ற உருண்டை மணி, பெல்லட் எனும் நுண்ணுருண்டை, உடைந்து மறுபடி சேர்ந்த சுண்ணாம்புத் துண்டான இன்ட்ராகிளாஸ்ட். இடையே இருப்பது சேறாக இருந்தால் மைக்ரைட், தெளிந்த படிகமாக இருந்தால் ஸ்பாரைட். இரண்டையும் ஒட்டினால் பெயர் வந்துவிடும். ஓட்டுத் துண்டும் சேறும் பயோமைக்ரைட், ஊலைட்டும் படிகமும் ஊஸ்பாரைட். சேறு தங்கியிருக்கிறது என்றால் அங்கே நீர் அமைதியாக இருந்தது. படிகம் இருக்கிறது என்றால் அலை சேற்றை அலசிக் கொண்டுபோய்விட்டது, காலியான இடத்தில் பின்னால் கால்சைட் வளர்ந்தது.

ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டன்ஹாம் 1962இல் வேறு கேள்வி கேட்டார்: கல்லைத் தாங்கி நிற்பது சேறா, துகளா? ரவா கேசரியில் முந்திரி ஒன்றோடொன்று ஒட்டாமல் அங்கங்கே கிடக்கும். கடலைமிட்டாயில் கடலை கடலையோடு முட்டிக்கொண்டு நிற்கும். முதல் வகையில் துகள் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் மட்ஸ்டோன், மேலே என்றால் வாக்ஸ்டோன். இரண்டாம் வகையில் இடையில் சேறு இருந்தால் பேக்ஸ்டோன், சேறே இல்லாவிட்டால் கிரெயின்ஸ்டோன். உயிரினங்களே படியும்போதே ஒன்றோடொன்று பிணைந்து கட்டியதென்றால் பவுண்ட்ஸ்டோன். கல்லக்குடியில், டால்மியாபுரம் என்றால் எல்லாருக்கும் தெரியும், அங்கே வெட்டும் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புக்கல் இந்தக் கடைசி வகைக்கு நம் மாநிலத்திலேயே கைக்கெட்டிய உதாரணம். வயது சுமார் 10 கோடி ஆண்டு.

நீங்கள் பார்த்த கல்லங்குறிச்சிக் கல் அதைவிட இளையது, ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. கிரைஃபியா என்ற சிப்பி அதில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு பக்கம் கிண்ணம்போல் குழிந்து, விளிம்பில் தகடு தகடாக. கையிலெடுத்தால் நேற்றுக் கரை ஒதுங்கியது போல இருக்கும். ஆளி எனும் இந்தச் சிப்பி இனத்து ஓடு பெரும்பாலும் கால்சைட், அதனால் நிலைத்துவிட்டது. கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவமான அரகோனைட்டால் ஆன ஓடுகளுக்கு அந்த ஆயுசு இல்லை. கரைந்துபோகும், அல்லது கால்சைட்டாக மாறிப்போகும். இவ்வளவு பெரிய ஓடுகள் இருக்கும்போது வாக்ஸ்டோன் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. எம்ப்ரியும் குளோவனும் 1971இல் டன்ஹாமின் முறையை விரித்தார்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் பத்து சதவீதத்தைத் தாண்டிச் சேற்றில் மிதந்தால் ஃப்ளோட்ஸ்டோன், ஒன்றையொன்று தாங்கினால் ரட்ஸ்டோன்.

தேர்வில் எந்தப் பெயரை எழுதினாலும் பக்கத்தில் யாருடைய முறை என்று எழுதுங்கள். களத்தில் கைலென்ஸோடு நிற்கும்போது டன்ஹாம் வசதி. கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து மென்சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்த பிறகு ஃபோக் ருசிக்கும். இரண்டையும் கலந்து ஒரே பெயராக எழுதிவிடாதீர்கள். மதிப்பெண் போகும், போக வேண்டியதுதான்.

கேள்வி: வகுப்பில் சோதனை காட்ட சாக்பீஸை உடைத்து அமிலத்தில் போட்டேன். குமிழியே வரவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். (தருமபுரி ஆசிரியர்)

நம் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்வது சார். கால்சியம் சல்பேட். அதில் கார்பனேட் இல்லை, குமிழி எங்கிருந்து வரும்? முட்டை ஓட்டைப் போட்டுக் காட்டுங்கள். மானம் திரும்பிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புக்கல்தானே? டோலமைட் என்பதும் அதுதானா? சிமெண்ட் ஆலைகள் ஏன் டோலமைட்டைக் கண்டால் ஓடுகின்றன? (சேலம் வாசகர்)

சேலம் வெள்ளைக்கல் மேக்னசைட். மெக்னீசியம் கார்பனேட். கால்சியம் அதில் பேருக்குத்தான். மெக்னீசியம் நிறைந்த கரும்பாறை சிதைந்து, அதன் பிளவுகளில் வெள்ளை நரம்புகளாக ஓடியிருப்பது அது. உலைகளுக்குள் பதிக்கும் நெருப்புச் செங்கலுக்குப் போகிறது. சுண்ணாம்புக்கல்லுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது டோலமைட். கால்சியமும் மெக்னீசியமும் சரிபாதி அணுக்களாக, அடுக்கு மாற்றி அடுக்கு உட்கார்ந்திருக்கும் தனிக் கனிமம். சுத்தமான டோலமைட்டில் மெக்னீசியம் ஆக்சைடு கிட்டத்தட்ட 22 சதவீதம், சுண்ணாம்பு 30 சொச்சம். தியோதா தெ தோலோமியு என்ற பிரெஞ்சுக்காரர் 1791இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. சுண்ணாம்புக்கல்போலத்தான் இருக்கிறது, ஆசிட் விட்டால் மட்டும் சுரத்தே இல்லையே என்று கவனித்த மனிதர்.

இன்றைக்கும் களத்தில் அதே சோதனைதான். குளிர்ந்த நீர்த்த அமிலத்துக்குக் கால்சைட் சீறும். டோலமைட் முணுமுணுக்கும், கத்தியால் சுரண்டிப் பொடியாக்கினால்தான் கொஞ்சம் பொங்கும். மேக்னசைட் வாயே திறக்காது. ஆய்வகத்தில் அலிசரின் சிவப்புச் சாயம் தடவினால் கால்சைட் சிவக்கும், டோலமைட் அப்படியே நிற்கும். டோலமைட் கனிமம் பத்து சதவீதம்வரை இருந்தால் சுண்ணாம்புக்கல் என்றே சொல்லலாம், 10 முதல் 50வரை டோலமைட் கலந்த சுண்ணாம்புக்கல், 90ஐத் தாண்டினால் டோலமைட் பாறை. இயற்கையில் இந்தக் கோடுகள் எதுவும் கிடையாது. சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டே போகும், நாம்தான் வேலி போடுகிறோம்.

சிமெண்ட்காரர்கள் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1450 டிகிரியில் கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமெண்டாகும் கட்டி, உருவாகும்போது சுண்ணாம்பு சிலிக்காவோடும் அலுமினாவோடும் சேர்ந்துவிடும். மெக்னீசியம் ஆக்சைடில் ஒரு சிறு பங்குதான் சேரும், மிச்சம் பெரிக்ளேஸ் என்ற படிகமாகத் தனியே நின்றுவிடும். கட்டிடம் கட்டிய அன்று அது வாயை மூடிக்கொண்டு இருக்கும். பிறகு ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்து, ஊதி, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். அதனால் இந்தியத் தரநிலையில் சிமெண்டுக்கு 6 சதவீதம் உச்சவரம்பு. ஆறு என்றால் கல்லிலும் ஆறு இருக்கலாமே என்று கேட்பார்கள். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரை டன் கல் போகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற மெக்னீசியம் ஆக்சைடு ஒன்றரை மடங்கு செறிவாகிறது. கல்லில் 3.5 என்றால் கிளிங்கரில் 5.25. அதற்கு மேல் ஏறினால் எந்த வேதியியலாளருக்கும் தூக்கம் வராது.

அதே டோலமைட் இரும்பு ஆலையில் கேட்டு வாங்குகிற சரக்கு. தோட்டத்துப் புளித்த மண்ணுக்கும் நல்ல மருந்து.

கேள்வி: மதுக்கரைக் கல்லும் அரியலூர்க் கல்லும் ஒன்றா? எங்கள் மதுக்கரைக் கல்லில் சிப்பி ஒன்றையும் கண்டதில்லை. (கோவை வாசகர்)

காணவும் மாட்டீர்கள். மதுக்கரை, சங்ககிரி, தாழையூத்து, பந்தல்குடி எல்லாம் படிகச் சுண்ணாம்புக்கல். முன்னொரு காலத்தில் படிவுப்பாறையாக இருந்ததுதான். பூமிக்குள் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, பழைய சேறும் துகளும் அடையாளம் இழந்து, கால்சைட் பெரிய பெரிய படிகங்களாக மறுபடி வளர்ந்துவிட்டது. உடைத்த முகத்தை வெயிலில் திருப்பினால் சர்க்கரைப் படிகங்களாய்ப் பளபளக்கும். நிலவியல் கணக்கில் அது சலவைக்கல். மக்ரானாவில் வெட்டித் தாஜ்மகாலுக்குக் கொண்டுபோனதும் இதே இனம்தான். மதுக்கரையில் சாம்பல் பட்டைகளும் சிலிக்கேட் கனிமங்களும் ஊடே ஓடுவதால் மாளிகைக்குப் போகாமல் 1930களிலிருந்து சிமெண்டுக்குப் போகிறது. ஃபோக், டன்ஹாம் இருவருக்கும் இந்தக் கல்லில் வேலை இல்லை. வேதியியல்காரிக்கு மட்டும் வேலை அப்படியே இருக்கிறது.

கேள்வி: பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். கிளிஞ்சல் சுண்ணாம்புதான் பூச்சுக்கு உசத்தி, கல்சுண்ணாம்பு ஆகாது என்கிறார் கொத்தனார். உண்மையா? (காரைக்குடி வாசகர்)

பூச்சுக்கு என்றால் கொத்தனார் சொல்வதைக் கேளுங்கள். எல்லா வேலைக்கும் என்றால் கேட்காதீர்கள். கிளிஞ்சலில் களிமண்ணும் மணலும் ஏறக்குறைய இல்லை. சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றினால் (56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ நீரைக் குடித்து 74 கிலோவாகும், கொதிக்கக் கொதிக்க) வெண்ணெய்போன்ற விழுது கிடைக்கும். பூசிய பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கால்சைட்டாகிறது. உங்கள் ஊர்ச் சுவரில் முகம் பார்க்கலாம் என்கிறார்களே, அந்தப் பளபளப்புக்கு அடியில் இருப்பது இதுதான். மேலே தேய்த்த கை வேறு. ஆனால் அது காற்று படாத இடத்தில், தண்ணீருக்கு அடியில் இறுகாது.

களிமண் கலந்த கல்லைச் சுட்ட சுண்ணாம்பு அப்படியில்லை. சூட்டில் சுண்ணாம்பும் களிமண்ணும் கொஞ்சம் சேர்ந்துவிடுவதால் நீருக்குள்ளும் இறுகும். இந்தியத் தரநிலை 712 கட்டிடச் சுண்ணாம்பை இந்தக் குணத்தை வைத்துத்தான் வகைப்படுத்துகிறது. ஏ வகை நீரில் நன்றாக இறுகுவது, பி ஓரளவு இறுகுவது, சி கிளிஞ்சல்போன்ற சுத்தச் சுண்ணாம்பு, டி மெக்னீசியம் கலந்தது, இ சுக்கான்கல்லைச் சுட்டது. செந்துறை ஐயாவின் கல் ஆலைக்குத் தேறாவிட்டாலும் இந்த வரிசையில் அதற்கு ஓர் இடம் உண்டு. சுண்ணாம்பில் களிமண் குறைந்தால் சுட்ட களிமண்ணைத் தூளாகச் சேர்ப்பதும் பழைய வழி. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையை அப்படித்தான், சுண்ணாம்பும் செங்கல் தூளான சுர்க்கியும் சேர்ந்த சாந்தில் கட்டினார்கள். ஆகவே அடித்தளத்துக்கும் குளியலறைக்கும் சுர்க்கி சேர்க்கச் சொல்லுங்கள். மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல்.

கேள்வி: சுண்ணாம்புக்கல் வாங்கி விற்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். எத்தனை சதவீதம் இருந்தால் முதல் தரம் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். (விருதுநகர் வாசகர்)

ஒரே வரியில் சொல்கிறவரிடம் சரக்கு வாங்காதீர்கள் தம்பி. யாருக்கு விற்கப்போகிறீர்கள்?

பிரிட்டிஷ் நிலவியல்காரர்கள் தூய்மையை மட்டும் வைத்து ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். கால்சியம் கார்பனேட் 98.5 சதவீதத்துக்கு மேல் மிக உயர் தூய்மை, 97வரை உயர், 93.5வரை நடுத்தரம், 85வரை குறைவு, அதற்குக் கீழே மாசுள்ளது. உருக்காலைக்காரர் மேல் வரிசைக் கல்லைத்தான் தேடுவார். சிலிக்கா ஒன்றரை சதவீதம் என்றாலே முகம் சுளிப்பார், ஏனென்றால் உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ சிலிக்காவும் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கசடாகிவிடும். ஜெய்சல்மர் பக்கத்து சானுக் கல்லை அவ்வளவு தொலைவிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவருவது இதற்காகத்தான்.

சிமெண்ட்காரருக்கு அந்தக் கல்லைக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், விலைதான் கட்டுப்படியாகாது. சிலிக்கா அவருக்கு எப்படியும் வேண்டும். அவர் பார்ப்பது நிறைவெண், அதாவது கல்லிலுள்ள மற்றவற்றோடு சேரச் சுண்ணாம்பு போதுமா என்று சொல்லும் எண். சிலிக்காவை 2.8ஆலும் அலுமினாவை 1.2ஆலும் இரும்பு ஆக்சைடை 0.65ஆலும் பெருக்கிக் கூட்டி, சுண்ணாம்பை அதனால் வகுக்க வேண்டும். ஒரு கல்லில் சுண்ணாம்பு 44, சிலிக்கா 14, அலுமினா 3, இரும்பு ஆக்சைடு 1.5 என்று வையுங்கள். 39.2ம் 3.6ம் கிட்டத்தட்ட ஒன்றும் சேர்ந்து 43.8. வகுத்தால் 1க்கு ஒரு முடி மேலே. ஆலை கேட்பது 0.92 முதல் 0.98வரை. துளி களிமண்ணைச் சேர்த்து அப்படியே சூளையில் தள்ளலாம். பிரிட்டிஷ் அளவில் இந்தக் கல்லுக்குக் கடைசி வரிசைதான். கார்பனேட் 79 சதவீதம்தான். சிமெண்டுக்கு இது தங்கம். வெள்ளை சிமெண்டுக்கு இதே கல்லைக் கொண்டுபோனால் அந்த ஒன்றரை இரும்பைப் பார்த்ததும் லாரியைத் திருப்பிவிடுவார்கள்.

வாங்குகிறவரின் தேவைப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு கல்லைத் தேடப் போங்கள். குவியலின் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து மாதிரி என்று அனுப்பாதீர்கள். மேலே, நடுவே, கீழே என்று பல இடத்தில் எடுத்து, உடைத்து, கலந்து, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளி, மறுபடி கலந்து, கையளவு வரும்வரை குறைக்க வேண்டும். நான் பார்த்த தகராறுகளில் முக்கால்வாசி கல்லால் வந்ததில்லை, மாதிரி எடுத்ததால் வந்தது.

கேள்வி: எங்கட கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சால் கேத்திலுக்குள்ள வெள்ளையா ஓடு மாதிரிப் படியுது. நிலத்துக்குக் கீழ இருக்கிற கல்லுத்தானோ அது? (யாழ்ப்பாண வாசகி)

அதேதான் தங்கச்சி. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க மயோசீன் எனும் பழைய நிலவியல் காலத்துச் சுண்ணாம்புக்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெல்லிய அமிலமாகி, கல்லைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்து உங்கள் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. கேத்திலில் கொதிக்கும்போது அந்த வாயு பறந்துவிடும், கரைந்திருந்தது மறுபடி கால்சைட்டாக அடியில் உட்காரும். உங்கள் குடாநாட்டு நிலவரைக் கிணறும் இந்தக் கரைப்பு வெட்டிய குகை இடிந்து வந்ததுதான். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. உங்கள் கல்லை நம்பித்தான் 1950இல் காங்கேசன்துறையில் சிமெண்ட் ஆலை வந்தது. கல் அவ்வளவு சுத்தம் என்பதால் களிமண்ணை முருங்கனிலிருந்து கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஓட்டைக் கரண்டியால் சுரண்டாதீர்கள், கேத்தில் போய்விடும். வினாகிரியும் (நம் ஊர் வினிகர்) தண்ணீரும் சரிபாதி ஊற்றி இளஞ்சூடாக்கி அரை மணி நேரம் விடுங்கள். குமிழி நின்றதும் கொட்டிக் கழுவலாம். குமிழி நின்ற பிறகும் ஓடு மிச்சம் இருந்தால் அமிலம்தான் தீர்ந்திருக்கிறது, இன்னொரு முறை ஊற்றுங்கள்.